ரிக்கோ ஜிஆர் 3: திருகோணமலைத் தெருக்களில் செய்திப் படம் எடுப்பவருக்கு எப்படி?

வீடில்லாமல் வீதியோரம் வசிப்பவர்களையும், கடற்கரை, சந்தை, பஸ் நிலையம் என்று ஊரின் அன்றாடத்தையும் செய்திக்காகப் படமெடுப்பவருக்கு ரிக்கோ ஜிஆர் 3 மிக நல்ல கமரா. படத்தின் தரம் அதற்கு இரண்டாவது காரணம்தான். இதிலுள்ள அகலக்கோண லென்ஸை வைத்துக்கொண்டு தூர நின்று ஒருவரை எடுக்க ஏலாது என்பதே முதற் காரணம். கிட்டப் போகவேண்டும், போனால் கதைக்கவேண்டும், கதைத்தால் அவர் சம்மதிப்பார் அல்லது வேண்டாம் என்பார். வீதியோரப் படங்களில் நடக்கும் தவறுகளிற் பாதி, தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று 200 மி.மீ. லென்ஸால் எடுப்பதில்தான் தொடங்குகிறது.

கமரா 2019 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சர், கழற்ற முடியாத 18.3 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் (முழுச்சட்டகக் கணக்கில் 28 மி.மீ.), பற்றரியும் நினைவக அட்டையும் (காட்) சேர்த்து 257 கிராம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பவரின் சட்டைப்பையிலும் அடங்கும் அளவு. வியூஃபைண்டர் இல்லை. ஃபிளாஷும் இல்லை, முந்தைய ஜிஆர் 2இல் இருந்த ஃபிளாஷை இதில் எடுத்துவிட்டார்கள். தூங்கும் மனிதர் முகத்தில் ஃபிளாஷ் அடிக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறபடியால், இந்த வேலைக்கு அது இல்லாமலிருப்பதே நல்லது.

28 மி.மீ. என்பது நடைமுறையில் என்ன என்று கணக்காகப் பார்த்தால்தான் விளங்கும். கமராவைக் கிடையாகப் பிடித்து 1.5 மீற்றரில் நின்றால் சட்டகத்துக்குள் ஏறக்குறைய 1.9 மீற்றர் அகலமும் 1.3 மீற்றர் உயரமும் வரும். கடைத் திண்ணையில் சம்மணமிட்டு இருப்பவர், அவர் பக்கத்தில் உள்ள உரப்பை, தண்ணீர்ப் போத்தல், பின்னால் பூட்டிய கதவு எல்லாம் அதற்குள் அடங்கும். இரண்டு மீற்றரில் நிமிர்த்திப் பிடித்தால் நிற்கும் ஆள் தலைமுதல் கால்வரை வந்து மேலேயும் கீழேயும் இடம் மிஞ்சும். முகம் மட்டும் வேண்டுமென்று 60 சென்ரிமீற்றருக்குக் கிட்டப் போனால் மூக்குப் பெருத்துக் காதுகள் பின்னோக்கிப் போய்விடும். வறுமையில் இருப்பவர் முகத்தை அப்படி விகாரமாக்கி அச்சிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். முகப்படம் அவசியமென்றால் ஒரு மீற்றருக்கு அப்பால் நின்று, கமராவிலேயே உள்ள 35 மி.மீ. அல்லது 50 மி.மீ. கிராப்பை (ஓரங்களை வெட்டும் வசதியை) போடுங்கள். 35இல் 15 மெகாபிக்சலும், 50இல் 7 மெகாபிக்சலும் கிடைக்கும். நாளிதழில் அரைப்பக்கத்துக்கு 7 போதும்.

இனி, அந்த 1.5 மீற்றருக்குள் எப்படிப் போவது? கமரா கழுத்தில் தெரியும்படி தொங்கட்டும். நின்றபடி கதைக்காமல் குந்தியிருந்து, அவருடைய கண்மட்டத்தில் கதையுங்கள். “ஐயா, நான் பத்திரிகைக்குப் படம் எடுக்கிறனான். உங்களை ஒரு படம் எடுக்கலாமோ? பேப்பரிலயும் போனிலயும் வரும், உங்களைத் தெரிஞ்ச ஆக்களும் பாப்பினம்” என்று முழுவதையும் சொல்லவேண்டும். “பேப்பரில வரும்” என்பதோடு நிறுத்தினால் அது அரைச் சம்மதம். இன்றைக்குப் படம் நாளிதழைவிட வேகமாக வட்ஸ்அப்பில் ஓடுகிறது. ஊரை விட்டு வந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லாத தகப்பன் ஒருவர் அந்தத் திண்ணையில் இருக்கக்கூடும். முஸ்லிம் பெரியவரென்றால் ‘நானா’ என்று கூப்பிடுங்கள். சிங்களத்தில் கதைப்பவரென்றால் தெரிந்த நாலு வார்த்தையையாவது சிங்களத்தில் சொல்லுங்கள். மூன்று இனத்தவரும் ஒரே திண்ணையில் படுக்கும் ஊர் இது. காசைக் காட்டிச் சம்மதம் வாங்கக்கூடாது. படம் எடுத்து முடிந்த பின் ஒரு தேத்தண்ணியும் பணிசும் வாங்கிக் கொடுப்பது வேறு விஷயம், அது எந்த மனிதருக்கும் செய்வது.

சம்மதம் கொடுக்கும் நிலையில் இல்லாதவர்கள் உண்டு. வெறியில் இருப்பவர், மனநோயால் தன்னோடு தானே கதைத்துக்கொண்டிருப்பவர், தூக்கத்தில் இருப்பவர், பெரியவர் துணையில்லாத பிள்ளை. இவர்களை முகம் தெரிய எடுக்காதீர்கள். வீடின்மையைக் காட்ட முகம் வேண்டியதில்லை. சுருட்டிக் கட்டிய பாய், மதில் ஓட்டையில் செருகிய பல்துலக்கி, தெருக்குழாயடியில் காயும் சட்டை ஆகியவற்றை இந்தக் கமரா ஆறு சென்ரிமீற்றர் வரை கிட்டப் போய் எடுக்கும். அதற்கு மேக்ரோவைப் போடவேண்டும், சாதாரணக் குவியத்தில் (ஃபோகஸில்) 10 சென்ரிமீற்றர்தான் எல்லை.

இந்தக் கமராவின் ஆபத்தும் அதன் சிறுமையில்தான் இருக்கிறது. லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ‘லீஃப்’ ஷட்டர் என்பதால் சத்தம் கிட்டத்தட்டக் கேட்காது. இடுப்பு மட்டத்தில் பிடித்தபடி, ஆளுக்குத் தெரியாமலே பத்துப் படம் எடுத்துவிடலாம். தெருப்படக்காரர் பலர் இதை வாங்குவதே அதற்காகத்தான். சந்தைக் கூட்டத்தையோ கடற்கரையையோ அப்படி எடுப்பதில் பெரிய பாதகம் இல்லை. வீடில்லாதவர் விஷயம் அப்படி அல்ல: மற்றவர்கள் வீட்டுக்குள் செய்வதையெல்லாம் அவர் வெளியில்தான் செய்யவேண்டியிருக்கிறது, மறைந்துகொள்ள அவருக்கு ஒரு கதவுகூட இல்லை. ஆகவே இப்படிப்பட்ட படங்களுக்குக் குவியம் பிடிக்கும்போது வரும் பீப் ஒலியை மெனுவில் திறந்து வையுங்கள். படம் எடுபடுகிறது என்பது அவருக்குத் தெரியட்டும். எடுத்ததும் பின்திரையைத் திருப்பிக் காட்டுங்கள். வேண்டாமென்றால் அவர் கண்முன்னாலேயே அழியுங்கள்.

அன்றாட வாழ்க்கைப் படங்களுக்கு இந்தக் கமராவின் சிறப்பு ‘ஸ்னாப்’ குவியம். தூரத்தை முன்கூட்டியே குறித்துவைத்துவிட்டால், பொத்தானை ஒரேயடியாக அமுக்கியதும் குவியம் தேடாமல் அந்தத் தூரத்துக்குப் போய்ப் படம் எடுக்கும். 0.3, 1, 1.5, 2, 2.5, 5 மீற்றர், முடிவிலி என்று தெரிவுகள் இருக்கின்றன. லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப்/8இல் 2 மீற்றர் வைத்தால் ஏறக்குறைய ஒரு மீற்றரிலிருந்து 20 மீற்றர்வரை துலக்கமாக இருக்கும். 2.5 வைத்தால் 1.2 மீற்றரிலிருந்து அடிவானம்வரை. பகல் முழுவதும் எஃப்/8, 2.5 மீற்றர், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400 என்று, நம் அமைப்புகளை நினைவில் வைக்கும் யூ1இல் பதிந்துவைத்தால் மீன் சந்தை, பஸ்ஸுக்கு ஓடும் சனம், கோட்டைப் பக்கம் ஆட்டோக்களுக்கு நடுவே நடந்துபோகும் மான்கள் எல்லாவற்றுக்கும் போதும். யூ2இல் எஃப்/2.8, 1.5 மீற்றர், ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் வேகம் 1/60 விநாடி: இரவுக் கடை, பஸ் நிலையம். இங்கேதான் பலரும் வழுக்குவது. எஃப்/2.8இல் 1.5 மீற்றர் வைத்தால் துலக்கம் 1.2 முதல் 2 மீற்றர்வரை மட்டும். ஆள் ஓரடி முன்னால் சாய்ந்தாற்கூட முகம் மங்கத் தொடங்கும். தானியங்கிக் குவியத்தை நம்பலாமே என்றால், மங்கல் வெளிச்சத்தில் இது முன்னும் பின்னும் தேடித் தடுமாறும். வந்த நாள்முதல் எல்லோரும் சொல்லும் குறை இது, உண்மையான குறையும்கூட. தூரத்தைக் கண்ணால் அளக்கப் பழகுவதுதான் வழி. கையை நீட்டி ஓரடி எடுத்து வைத்தால் ஒன்றரை மீற்றர் அளவில் வரும்.

உடம்பிலுள்ள மூன்று அச்சு நடுக்கத் தடுப்பு நாலு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்பது வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது) உதவும் என்கிறது ரிக்கோ. உங்கள் கை நடுக்கத்துக்கு அது சரி. எதிரில் இருப்பவர் அசைந்தால் அது ஒன்றும் செய்யாது. வலை இழுப்பவர் கைக்கு 1/500, நடப்பவருக்கு 1/250, இருந்து கதைப்பவருக்கு 1/125க்குக் கீழே போகவேண்டாம். இரவில் 1/60 என்று மேலே சொன்னது அசையாமல் இருப்பவருக்கே.

திருகோணமலை வெளிச்சத்தைத் தெரிந்தவருக்குச் சொல்லத் தேவையில்லை: கிழக்குக் கரை, விடிந்து ஒன்றரை மணித்தியாலத்திலேயே வெயில் வெள்ளையாகிவிடும். உப்புவெளி, சல்லிப் பக்கம் கரைவலை இழுக்கும் காட்சியை 28 மி.மீ. அழகாக அள்ளும், கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றால் முதல் ஆளின் கைமுதல் கடலில் மிதக்கும் வலைமடிவரை ஒரே சட்டகத்தில் வரும். ஆனால் அங்கே எஃப்/2.8இல் எடுக்க நினைத்தால் ஒரு தடை இருக்கிறது. ஷட்டரின் உச்ச வேகம் 1/4000 என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், எஃப்/2.8இல் 1/2500தான். முழு வெயிலில் ஐஎஸ்ஓ 100க்கே அது போதாது, மணலும் நுரையும் வெளிறிப்போகும். வெளிச்சத்தை இரண்டு ஸ்டொப் குறைக்கும் என்டி வடிகட்டி உள்ளேயே இருக்கிறது, அதை ‘ஓட்டோ’வில் விட்டால் பிரச்சினை தீர்ந்தது.

வெளிச்ச அளவீட்டைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்லவேண்டும். வெள்ளை மதில், வெள்ளைச் சாரம், மினுங்கும் கடல் ஆகியவற்றைக் காப்பாற்ற, பிரகாசமான பகுதி வெளிறாதபடி அளக்கும் ‘ஹைலைட்’ அளவீடு நல்லது. ஆனால் வெயிலும் நிழலும் கலந்த இடத்தில், விறாந்தை நிழலில் இருக்கும் கறுத்த மனிதரை அதே அளவீட்டில் எடுத்தால் முகம் கரியாகிவிடும், கண் தெரியாது. வீதியில் வாழ்பவரை நிழலுருவாக்கி ‘கலை’ என்று அச்சிடும் படங்கள் பல இந்தத் தவறில் பிறந்தவை. ஆளை எடுக்கும்போது ஒரு புள்ளியில் மட்டும் அளக்கும் ‘ஸ்பொட்’டுக்கு மாற்றிக் கன்னத்தில் அளந்து எடுங்கள். பின்னாலுள்ள வீதி வெளிறினால் வெளிறட்டும், படம் அவரைப் பற்றியது. டிஎன்ஜி எனும் மூலக்கோப்பாக எடுத்தால் நிழலை இரண்டு ஸ்டொப்வரை தாராளமாகத் தூக்கலாம், ஐஎஸ்ஓ 400இல் அழுக்குத் தெரியாது. உச்சி வெயிலில் பின்திரையைப் பார்ப்பதே கஷ்டம். கமராவின் மேலுள்ள ‘ஹொட் ஷூ’வில் மாட்டும் ஜிவி-2 கண்ணாடி வியூஃபைண்டர் தனியே கிடைக்கும். ஸ்னாப் குவியத்தில் எடுப்பவருக்கு அது பெரும் துணை.

இனிக் குறைகள். உப்புக்காற்றுக்கும் தூசுக்கும் இந்த உடம்பில் எந்தத் தடையும் இல்லை. கமராவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் லென்ஸ் குழாய் வெளியே வரும்போது காற்றையும் தூசையும் உள்ளே இழுக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும்போது கடற்கரையில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூடித் திறப்பது சென்சருக்குத் தூசு கொடுப்பதற்குச் சமம். வேலை முடியும்வரை திறந்தே வைத்திருங்கள், இடையிலே உறங்குநிலைக்குப் போகாதபடி தானியங்கி அணைப்பை நீட்டிவையுங்கள். லென்ஸ் கழராது, ஆகவே ஊதுபந்தால் ஊத வழியில்லை. சென்சரை நடுக்கித் தூசு தட்டும் உள்வசதி சிலதை உதிர்க்கும், ஒட்டியதை உதிர்க்காது. உடம்பைப் பிரித்தால்தான் துடைக்கலாம். மாதம் ஒருமுறை எஃப்/16இல் வெறும் வானத்தை எடுத்துப் பாருங்கள், கரும்புள்ளி இருந்தால் அங்கே தெரியும். கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். உலர்ந்த துணியால் முதலில் தேய்த்தால் உப்புத்துகள் கீறும். வாடைக்காலத்தில், ஐப்பசி தொடங்கித் தை வரை, சிலிக்கா ஜெல் பொதியோடு இறுக்கமான டப்பாவில் வைக்காவிட்டால் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தால் கண்ணாடி வேர்க்கும். பையை மூடியபடி அரை மணித்தியாலம் வெளியில் வைத்து, பிறகு திறவுங்கள்.

மழையில் இதை எடுக்கவே கூடாது. வாடைக்கால வெள்ளத்தில் வேலை செய்யவேண்டியவருக்கு இது ஒன்றே கமராவாக இருக்க முடியாது. ஃபூஜிபிலிம் எக்ஸ்100வி, இணைப்பு வளையமும் 49 மி.மீ. வடிகட்டியும் போட்டால் தூறலைத் தாங்கும். வியூஃபைண்டரும் இருக்கிறது, லென்ஸ் எஃப்/2. ஆனால் 478 கிராம், பொக்கெற்றில் போகாது.

பற்றரி டிபி-110. முழுச் சார்ஜில் 200 படம் என்பது கம்பனிக் கணக்கு. திரையை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருந்தால் அதைவிடக் குறையும். மூன்று பற்றரி இல்லாமல் ஒரு நாள் வேலைக்குப் போகாதீர்கள். ஒலிம்பஸின் எல்ஐ-90பி, எல்ஐ-92பி பற்றரிகளும் இதற்குச் சரியாகப் பொருந்தும், அவை மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். யூஎஸ்பி-சி வயரால் போன் சார்ஜர், பவர் பாங்க் எதிலும் சார்ஜ் ஏறும்.

படக் கோப்புகளைப் பற்றி இந்த ஊரில் இருந்துகொண்டு சும்மா கடந்து போக ஏலாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. ‘சுடர் ஒளி’ செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் அவர்கள் சுடப்பட்டதைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் இந்த நகரத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். படம் சாட்சி என்பது இங்கே பேச்சுக்குச் சொல்வதல்ல. ஆகவே எந்தப் படத்தையும் டிஎன்ஜியும் ஜேபெக்கும் சேர்த்துப் பதியுங்கள். டிஎன்ஜி மூலத்தைத் தொடாமல் இரண்டு இடத்தில் வையுங்கள். கமராவின் திகதி, நேரத்தை வாரம் ஒருமுறை சரிபாருங்கள், பற்றரியை நெடுநாள் கழற்றி வைத்தால் அது பிசகும். காட் நிரம்பினாலோ பழுதானாலோ உள்ளேயுள்ள 2 ஜிபி நினைவகம் அவசரத்துக்குக் கைகொடுக்கும். கோட்டைக்குள்ளும் துறைமுகப் பக்கமும் படைமுகாம், காவலரண் சட்டகத்தில் விழாமல் பாருங்கள். 28 மி.மீ. அகலமாதலால் ஓரத்தில் தெரியாமலே விழும், அதைச் சாட்டிக் காட் முழுவதையும் அழிக்கச் சொல்லக்கூடும்.

கோப்பையும் நேரத்தையும் துல்லியமாகக் காக்கச் சொன்னேன், இட விபரத்தில் அதற்கு நேர்மாறாக நடக்கவேண்டும். கமராவில் ஜிபிஎஸ் இல்லை. ஆனால் போனிலுள்ள ‘இமேஜ் சிங்க்’ செயலியோடு இணைத்தால் போனின் இடக்குறி படத்தில் ஏறும். வீதியோரம் வசிப்பவர் படங்களுக்கு அதை அணைத்துவிடுங்கள். 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்றும் இந்த நாட்டில் இருக்கிறது. ஒருவர் இரவில் எங்கே படுக்கிறார் என்பதைப் படத்திலும் குறிப்பிலும் துல்லியமாகப் போட்டால், அடுத்த இரவு அவரை அங்கிருந்து எழுப்ப வருபவருக்கு வழிகாட்டியவர் ஆவீர்கள். தனியே படுக்கும் பெண்ணென்றால் ஆபத்து இன்னும் பெரிது. படக்குறிப்பில் ‘திருகோணமலை நகரம்’ போதும். இந்த மதிப்புரையிலும் அதனால்தான் அப்படியான இடம் எதையும் பெயர் சொல்லவில்லை.

போன் போதாதா என்று கேட்பவர்களுக்கு: படத் தரத்தில் பகல் வெளிச்சத்தில் நல்ல போன் கிட்ட வந்துவிட்டது. ஆனால் பல போன்கள் கேளாமலே தோலை மழுப்பி, நிழலைத் தூக்கி, முகத்தை மாற்றுகின்றன. செய்திப் படத்துக்கு அது ஆகாது. இன்னொன்று, உதவிப் பொதியைக் கையில் கொடுத்துக் கதறக் கதறக் காணொளி எடுத்துப் போடும் யூடியூப்காரர்களால் போனைத் தூக்கிக்கொண்டு வருபவரைக் கண்டாலே வீதியோரத்தவர்கள் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். அவர்கள் மூடுவது நியாயம். சின்னக் கமராவுக்கு அந்தப் பெயர் இன்னும் வரவில்லை.

2025இல் ஜிஆர் 4 வந்துவிட்டதால் ஜிஆர் 3ஐ இனிப் பெரும்பாலும் கைமாறியதாகவே வாங்கவேண்டியிருக்கும். வாங்கும்போது எஃப்/16 வானப் படம் ஒன்றை அங்கேயே எடுத்து முழு அளவில் பெருப்பித்துப் பாருங்கள். லென்ஸ் வெளிவரும்போது கரகரவென்ற சத்தம் இருந்தால் மணல் போயிருக்கிறது, விட்டுவிடுங்கள். பின்னாலுள்ள வட்டச் சில்லையும் மேலுள்ள ஏடிஜே (அமைப்பு மாற்றும்) நெம்பையும் இருபது தரமாவது அசைத்துப் பாருங்கள். தேய்ந்தவை ஒன்றை அமுக்கினால் இன்னொன்றைத் தெரிவுசெய்யும், ஸ்னாப் தூரம் தானாக மாறிப்போகும். பற்றரி அறையிலும் யூஎஸ்பி வாயிலும் பச்சைக்களிம்பு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். கடலோர ஊரில் பாவித்ததென்றால் அங்கேதான் முதலில் தெரியும். 40 மி.மீ. லென்ஸோடு வரும் ஜிஆர் 3எக்ஸ் அதே விலைக்குக் கிடைத்தால், ஆளை எடுப்பதே முதல் வேலையாக உள்ளவர் அதை எடுக்கலாம், முகம் கோணாது. சந்தை, கரைவலை, நவராத்திரிக் கும்பம் வீதியுலா வரும் இரவில் தோளோடு தோள் நெருக்கும் கூட்டம் என்று எடுப்பவருக்கு 28தான்.